எஸ்டோனியா தலைவர் ஒருத்தரோட அரசியல் வாழ்க்கையை படிச்சு எழுதுறது எப்படி: யான் தொனிசனை வெச்சு ஒரு வழி

ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல எஸ்டோனியாவை நடத்தின தலைவர்கள்ல ஒருத்தரை பத்தி எழுதலாம்னு உட்காருறவங்க எல்லாரும் முதல்ல பண்றது ஒரே வேலைதான். எந்த வருஷம் பிரதமர், எந்த வருஷம் மந்திரி, எந்த வருஷம் சபாநாயகர்னு ஒரு பட்டியல் போடுவாங்க. நானும் யான் தொனிசனுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சேன். என்ன வந்துச்சுன்னு பாருங்க: 1919 நவம்பர்லருந்து 1920 அக்டோபர் வரைக்கும் பிரதமர், 1923லருந்து 1925 வரைக்கும் சபாநாயகர், 1927 டிசம்பர்லருந்து ஒரு வருஷம் நாட்டுத் தலைவர், 1931-32ல வெளியுறவு மந்திரி, அப்புறம் மறுபடி சபாநாயகர், 1933 மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் மறுபடி நாட்டுத் தலைவர். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா இதை படிச்சா அந்த மனுஷன் யாருன்னு தெரியுதா? ஏதோ நாற்காலி விட்டு நாற்காலி மாறிக்கிட்டே இருந்தவர் மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.

அந்த நாட்டுல அப்ப ஒரு மந்திரிசபை சராசரியா ஒரு வருஷம் கூட தாங்கல, அதனால பதவியை வெச்சு யாரையும் அளக்க முடியாது. பதவி வரும் போகும், அவர் கையில விடாம இருந்தது என்னன்னு கண்டுபிடிங்க, அதை முதுகெலும்பா வெச்சு மிச்சத்தை எல்லாம் அதுல மாட்டுங்க. தொனிசனுக்கு அது ஒரு பத்திரிகை. தார்து ஊர்ல வெளிவந்த போஸ்டிமேஸ், அர்த்தம் தபால்காரர். 1896ல அவரும் அவர் நண்பர்களும் சேர்ந்து வாங்கினாங்க, 1935ல அரசாங்கம் அவர்கிட்டருந்து பிடுங்குச்சு. நடுவுல இருக்கிற 39 வருஷத்துல அவர் எத்தனை பதவிக்கு போனாலும் திரும்பி வந்தது அந்த பத்திரிகைக்குதான். இந்த ஒரு கோட்டை போட்டுட்டீங்கன்னா மேல சொன்ன பட்டியல் தானா உயிர் வந்து பேச ஆரம்பிக்கும்.

ரெண்டு பத்தி போட்டு ஆரம்பிங்க

ஒரு பெரிய தாள் எடுத்துக்கோங்க, இல்லன்னா எக்செல் ஷீட். இடது பக்கம் பத்திரிகை, கட்சி, ஊர் விஷயம். வலது பக்கம் பதவி. பிறந்த வருஷத்துலருந்தே ஆரம்பிங்க, 1918லருந்து ஆரம்பிச்சுடாதீங்க, ஏன்னா எஸ்டோனியா தனி நாடா ஆனப்ப தொனிசனுக்கு 49 வயசு, அவர் அரசியல்ல பாதி வாழ்க்கையை ரஷ்யப் பேரரசு காலத்துலயே வாழ்ந்து முடிச்சாச்சு. நிறைய பேர் எழுதுறப்ப அந்த பாதியை ரெண்டு வரியில தாண்டிடுறாங்க, அப்புறம் 1930கள்ல அவர் ஏன் அப்படி பிடிவாதமா இருந்தார்னு அவங்களுக்கும் புரியாது படிக்கிறவங்களுக்கும் புரியாது.

1868 டிசம்பர் 22ல வில்யாந்தி பக்கத்துல ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தார். தார்து பல்கலைக்கழகத்துல சட்டம் படிச்சார். அந்த காலத்துல நிலமும் அதிகாரமும் ஜெர்மன் பிரபுக்கள் கையில, ஆட்சி ரஷ்யர்கள் கையில, பள்ளிக்கூடத்துல கூட ரஷ்ய மொழிதான், எஸ்டோனிய மொழி பேசுறவன்னா பண்ணையாள்னு நினைக்கிற காலம். அந்த நிலைமையில எஸ்டோனிய மொழியில ஒரு தினசரி நடத்துறதுங்கிறது தொழில் மட்டும் இல்ல. போஸ்டிமேஸ் 1857ல வாரப் பத்திரிகையா ஆரம்பிச்சு 1891ல தினசரியா ஆச்சு, எஸ்டோனிய மொழியோட முதல் தினசரி அதுதான். இதையெல்லாம் இடது பத்தியில எழுதுங்க. 1902ல தார்துல எஸ்டோனியர்களுக்காக ஒரு சேமிப்பு கடன் சங்கம் வந்துச்சு, அதுலயும் இவர் கை இருக்கு, அதையும் எழுதுங்க, ஏன்னா கூட்டுறவுங்கிற விஷயம் அவரோட கடைசி காலத்துல திரும்ப வரும்.

1905ல புரட்சி நடக்குறப்ப இவர் சட்டத்துக்கு உட்பட்டு போகணும்னு நின்னவர், அந்த வருஷமே தேசிய முற்போக்குக் கட்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சார், எஸ்டோனியர்களோட முதல் சட்டப்பூர்வமான கட்சி. 1906ல ரஷ்யாவோட முதல் டூமாவுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, உறுப்பினரா போனார். ஜார் அந்த டூமாவை கலைச்சதும் உறுப்பினர்கள் கொஞ்சம் பேர் பின்லாந்துல இருந்த விபோர்க் ஊருக்கு போய் வரி கட்டாதீங்க, ராணுவத்துக்கு ஆள் குடுக்காதீங்கன்னு ஜனங்களுக்கு ஒரு அறிக்கை விட்டாங்க. அதுல கையெழுத்து போட்டவர்கள்ல இவரும் ஒருத்தர், அதுக்காக ஜெயிலுக்கும் போனார். சட்டம் சட்டம்னு பேசுறவர் அந்த ஒரு இடத்துல ராஜாவுக்கு எதிரா கையெழுத்து போட்டிருக்கார், அதை கவனிங்க. அவர் கணக்குல ஜனங்க தேர்ந்தெடுத்த சபையை கலைக்கிறதுதான் சட்ட மீறல். 1906ல இருந்த அதே மனுஷனைத்தான் 1936லயும் பார்ப்போம்.

தேதியில கவனம், இங்கதான் எல்லாரும் விழுவாங்க

பழைய ரஷ்யப் பேரரசுல ஜூலியன் காலண்டர். 19ஆம் நூற்றாண்டுல அது நம்ம இப்ப பயன்படுத்துற காலண்டரை விட 12 நாள் பின்னாடி, 20ஆம் நூற்றாண்டுல 13 நாள் பின்னாடி. 1918 பிப்ரவரியிலதான் மாத்தினாங்க. அதனால ஒரு இடத்துல அவர் பிறந்த நாள் டிசம்பர் 10ன்னு இருக்கும், இன்னொரு இடத்துல டிசம்பர் 22ன்னு இருக்கும், ரெண்டும் சரிதான். 1917ல எஸ்டோனிய மாகாண சபை இனி இங்க எங்களுக்குதான் முழு அதிகாரம்னு அறிவிச்ச நாளும் அப்படித்தான், பழைய கணக்குக்கு நவம்பர் 15, புது கணக்குக்கு நவம்பர் 28. ஒரே நிகழ்ச்சியை ரெண்டு தடவை எழுதிடாதீங்க. நான் முதல்ல எழுதினப்ப அப்படித்தான் ரெண்டு வரியா எழுதி வெச்சிருந்தேன், ஒரு வாரம் கழிச்சுதான் கண்ணுல பட்டுச்சு. 1918 பிப்ரவரிக்கு முன்னாடி வர்ற எந்த தேதியா இருந்தாலும் பக்கத்துல பழைய கணக்கா புது கணக்கான்னு ஒரு குறிப்பு போட்டுடுங்க.

தேதி விஷயத்துல இன்னொண்ணு. அவர் பிரதமரா இருந்த காலம் ரெண்டு துண்டா இருக்கும்: 1919 நவம்பர் 18லருந்து 1920 ஜூலை 28 வரைக்கும் ஒண்ணு, ஜூலை 30லருந்து அக்டோபர் 26 வரைக்கும் இன்னொண்ணு. நடுவுல ரெண்டு நாள் எங்க போச்சுன்னு தேடினா அடோ பிர்க்னு ஒருத்தர் பேர் வரும், அவரை பிரதமரா அறிவிச்சாங்க, மந்திரிசபை நிக்கல, தொனிசனே திரும்ப வந்துட்டார். ரெண்டு துண்டையும் சேர்த்து ஒண்ணா எழுதுறவங்க இருக்காங்க, ஆனா அந்த ரெண்டு நாளை காட்டினாத்தான் அந்த சபை எவ்வளவு ஆட்டமா இருந்துச்சுன்னு படிக்கிறவங்களுக்கு உறைக்கும்.

பேர் குழப்பம்

ஊர் பேருக்கு ஒரு சின்ன அட்டவணை போட்டு பக்கத்துல ஒட்டிக்கோங்க. தார்துதான் ஜெர்மன்ல தோர்ப்பட், ரஷ்யன்ல யூரியெவ். தாலின்தான் ரெவால். வில்யாந்திதான் ஃபெல்லின். பழைய புத்தகம் படிக்கிறப்ப யூரியெவ் பல்கலைக்கழகம்னு வந்தா அது வேற பல்கலைக்கழகம்னு நினைச்சுடாதீங்க.

ஆள் பேர்ல இன்னும் மோசம். அலெக்சாண்டர் தொனிசன்னு ஒரு ஜெனரல் இருக்கார், சோவியத் ரஷ்யாவுக்கு எதிரா நடந்த சுதந்திரப் போர்ல சண்டை போட்டவர், போர் மந்திரியாவும் இருந்திருக்கார், தார்துக்கு மேயராவும் இருந்திருக்கார். தொனிசன்னு மட்டும் போட்டு தேடினீங்கன்னா ரெண்டு பேரும் கலந்து வருவாங்க, ரெண்டு பேருக்கும் தார்து சம்பந்தம் வேற இருக்கு, அதனால முதல் பேர் இல்லாத எந்த குறிப்பையும் சரிபார்க்காம எடுக்காதீங்க. அதே மாதிரி 1932ல நாட்டுத் தலைவரா இருந்த கார்ல் ஐன்புண்ட்டும் 1938ல பிரதமரா ஆன காரெல் ஏன்பாலுவும் ஒரே ஆள்தான், நடுவுல ஜெர்மன் பேரை எஸ்டோனிய பேரா மாத்திக்கிற இயக்கம் நடந்துச்சு, நிறைய பேர் மாத்திக்கிட்டாங்க.

தமிழ்ல பேர் எழுதுறதுக்கு: அவர் பேர்ல முதல்ல வர்ற உயிரெழுத்து ஓ மேல அலை மாதிரி ஒரு கோடு போட்ட எழுத்து. அந்த சத்தம் ஒகரமும் இல்ல, உதடு குவியாம சொல்லணும், நம்ம காடு, வீடுன்னு சொல்றப்ப கடைசில வர்ற குற்றியலுகரத்துக்கு பக்கத்துல வரும். அதனால தொனிசன்னு எழுதினாலும் தோனிசன்னு எழுதினாலும் முழுசா ஒட்டாது, ஒண்ணை தேர்ந்தெடுத்து கடைசி வரைக்கும் அதையே வெச்சுக்கோங்க.

ஜனாதிபதின்னு எழுதிடாதீங்க

1920ல வந்த அரசியலமைப்புல ஜனாதிபதி பதவியே கிடையாது. ரீகிவனெம்னு ஒரு பதவி, ரீக்னா நாடு, வனெம்னா மூத்தவர், அதனால நாட்டு மூப்பர்னு தமிழ்ல வெச்சுக்கலாம், மேல நாட்டுத் தலைவர்னு நான் எழுதினது இந்தப் பதவியைத்தான். அவர்தான் மந்திரிசபைக்கு தலைவர், வெளிநாட்டுக்கு முன்னாடி நாட்டோட முகமும் அவர்தான், ஆனா ரீகிகோகுங்கிற 100 பேர் கொண்ட நாடாளுமன்றம் நினைச்சா எப்ப வேணும்னாலும் இறக்கிடலாம், அவரால நாடாளுமன்றத்தை கலைக்க முடியாது. இந்த ஒரு பாராவை உங்க கட்டுரையில எங்கயாவது முன்னாடியே வெச்சுடுங்க. இது தெரியாம படிக்கிறவங்களுக்கு 1933ல நடந்தது எதுவுமே புரியாது.

அடுத்து சீட்டு கணக்கு. இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், பெரும்பாலும் யாரும் போடுறதில்ல. தொனிசனோட மக்கள் கட்சிக்கு 1919ல அரசியல் நிர்ணய சபையில 120ல 25 இடம். 1920 தேர்தல்ல 100ல 10. 1923ல 8. 1926லயும் 8. அந்த 8 பேரை வெச்சுக்கிட்டுதான் 1927 டிசம்பர்ல நாட்டு மூப்பர் ஆனார். எப்படின்னு கேட்டா, ஒரு பக்கம் விவசாயிகள் கட்சிகள், இன்னொரு பக்கம் சோஷலிஸ்டுகள், நடுவுல நிக்கிற சின்னக் கட்சி இல்லாம கூட்டணி கட்டுறது கஷ்டம், அதுலயும் 1896லருந்து ஊருக்கே தெரிஞ்ச மனுஷன் அதுக்கு தலைவர். ஓட்டு கம்மி, மதிப்பு அதிகம். இடது பத்தியில பத்திரிகை கோட்டை போட சொன்னது இதுக்குத்தான், வலது பத்தியில 8ன்னு இருக்கிறதுக்கு விடை இடது பத்தியில கிடைக்கும்.

ஒவ்வொரு ஆட்சிக்கும் எது அவருக்கு சேரும், எது சேராதுன்னு பிரிங்க

பாராட்டி எழுதணும்னு ஆசைப்படுறவங்க அவர் ஆட்சியில நடந்த நல்லது எல்லாத்தையும் அவர் கணக்குல எழுதிடுவாங்க. எனக்கும் அவரை பிடிக்கும், ரொம்பவே பிடிக்கும், ஆனா அப்படி எழுதுறது அவருக்கே பண்ற மரியாதைக் குறைவு.

1920 பிப்ரவரி 2, தார்து சமாதான ஒப்பந்தம். சோவியத் ரஷ்யா எஸ்டோனியாவோட சுதந்திரத்தை என்னைக்கும்னு ஒத்துக்கிட்டு 1.5 கோடி தங்க ரூபிளும் குடுத்துச்சு. அப்ப பிரதமர் தொனிசன். ஆனா பேச்சுவார்த்தைக் குழுவுக்கு தலைமை யான் போஸ்கா, எதிர்ப்பக்கம் அடோல்ஃப் யோஃபே. 1919 டிசம்பர் 5ல ஆரம்பிச்சு ஜனவரி 3ல போர்நிறுத்தம் வர்ற வரைக்கும் நார்வா பக்கம் சண்டை நடந்துக்கிட்டே இருக்கு, மேஜையில பேச்சும் நடக்குது. கையெழுத்து போட்டு 34 நாள்ல, மார்ச் 7ல, போஸ்கா இறந்துட்டார். அதனால ஒப்பந்தம் போட்டவர்னு போஸ்காவை எழுதுங்க, அந்த சமயத்துல அரசாங்கத்தை நடத்தினவர், சமாதானத்துக்கு பொறுப்பு ஏத்துக்கிட்டவர்னு தொனிசனை எழுதுங்க. (பிப்ரவரி 2க்கும் மார்ச் 7க்கும் நடுவுல 34 நாள், நானே விரல் விட்டு எண்ணிட்டேன், ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல, அதனால அதை அப்படியே 34 நாள்னு எழுதிடுறது நல்லது, சுமாரா ஒரு மாசம்னு எழுதி வெச்சா அடுத்தவங்க அதை இன்னும் சுருக்கிடுவாங்க.)

1928 ஜனவரி 1ல குரோன் நாணயம் வந்துச்சு, பழைய 100 மார்க்குக்கு ஒரு குரோன். அது அவர் நாட்டு மூப்பரா உட்கார்ந்து 23ஆவது நாள். சட்டம் 1927லயே நிறைவேறிடுச்சு, சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) மூலமா கடன் ஏற்பாடும் அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. அதனால குரோனை கொண்டுவந்தவர்னு எழுதாதீங்க, குரோன் வந்தப்ப இருந்தவர்னு எழுதுங்க. வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா ஒரு கட்டுரையை நம்பலாமா வேணாமான்னு விஷயம் தெரிஞ்சவங்க இந்த மாதிரி இடத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.

சபாநாயகர், வெளியுறவு மந்திரி காலம் ரெண்டுக்கும் ஒவ்வொரு பாரா போதும்.

1933க்கு மட்டும் தனி தாள் எடுங்க

மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் இருக்கிற ஆறு மாசத்தை நாள்வாரியா எழுதணும், வருஷவாரியா எழுதினா எல்லாம் கலங்கிடும். நான் எழுதி வெச்சிருக்கிற தாளை அப்படியே சொல்றேன்.

முன்கதை: உலகப் பொருளாதார நெருக்கடி, வேலை இல்ல, வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வித்து பிழைக்கிற நாடு, வெளிய விலை விழுந்துடுச்சு. இந்த ஆட்டமான மந்திரிசபைகளால ஒண்ணும் ஆகாது, பலமான ஒரு தலைவர் வேணும்னு குரல். சுதந்திரப் போர்ல சண்டை போட்ட முன்னாள் வீரர்களோட சங்கம், வாப்ஸ்னு கூப்பிடுவாங்க, அதுக்கு முகம் ஆர்துர் சிர்க்னு ஒரு வக்கீல், அது பெரிய இயக்கமா வளருது. 1932 ஆகஸ்ட்ல புது அரசியலமைப்புக்கு ஒரு வாக்கெடுப்பு, கொஞ்சத்துல தோத்துடுச்சு. 1933 ஜூன்ல இன்னொண்ணு, அது மோசமா தோத்துச்சு. வாப்ஸ் தங்களோட வரைவை மூணாவதா கொண்டுவராங்க.

மே 18: தொனிசன் மறுபடி நாட்டு மூப்பர். இப்ப அவர் கட்சி பெருசு, 1932ல சில கட்சிகள் சேர்ந்து தேசிய மையக் கட்சி ஆயிடுச்சு, 23 இடம். ஜூன் கடைசி: குரோன் மதிப்பை 35 சதவீதம் குறைக்கிறாங்க. ஏற்றுமதிக்கு அது தேவைப்பட்டுச்சு, ஆனா சம்பளக்காரங்களுக்கும் சேமிச்சு வெச்சவங்களுக்கும் கோபம். ஆகஸ்ட் 11: நாடு முழுக்க அவசர நிலை, வாப்ஸ் சங்கத்துக்கு தடை, பத்திரிகைக்கு தணிக்கை. அக்டோபர் 14, 15, 16: மூணாவது வாக்கெடுப்பு. ஆதரவு 4,16,878, எதிர்ப்பு 1,56,891, கிட்டத்தட்ட 73 சதவீதம் வாப்ஸ் வரைவுக்கு. அவசர நிலையை எடுத்துட்டு மந்திரிசபை ராஜினாமா பண்ணுது. அக்டோபர் 21: கான்ஸ்டான்டின் பேட்ஸ் நாட்டு மூப்பரா வர்றார்.

இப்ப ஆகஸ்ட் 11ஐ திரும்ப பாருங்க. 37 வருஷமா பத்திரிகை நடத்தினவர், ஜார் காலத்து தணிக்கைக்கு கீழ அச்சு கோர்த்தவர், அவரே தணிக்கை கொண்டுவர்றார். அவரை பிடிச்சவங்க இந்த வரியை ஒரு அரை வாக்கியத்துல தாண்டுவாங்க, பிடிக்காதவங்க இதை மட்டும் வெச்சு அவரை அளப்பாங்க. ரெண்டும் வேணாம். அவர் எதைப் பார்த்து பயந்தார்னு எழுதுங்க (அதே வருஷம் ஜனவரியிலதான் ஜெர்மனியில ஹிட்லர் வந்திருக்கார்), அது பலிக்கலன்னும் எழுதுங்க, தடை பண்ணின இயக்கத்தோட வரைவுக்குதான் ரெண்டு மாசத்துல ஜனங்க ஓட்டு குத்தினாங்க. என்னோட கருத்து, அது தப்பான முடிவு. ஆனா வாக்கெடுப்பை அவர் நிறுத்தல, தள்ளிப்போடல, முடிவை பார்த்துட்டு வெளிய போயிட்டார். அதையும் அதே பாராவுலயே எழுதணும், தள்ளி எழுதினா நியாயம் இல்ல.

இதுக்கு பக்கத்துலயே பேட்ஸ் பண்ணினதை வைங்க, அப்பதான் அளவு தெரியும். புது அரசியலமைப்பு 1934 ஜனவரி 24ல அமலுக்கு வருது, ஏப்ரல்ல தேர்தல், வாப்ஸ் ஜெயிக்கிற மாதிரி காத்து அடிக்குது. மார்ச் 12ல பேட்ஸும் ஜெனரல் யோஹான் லைடோனரும் சேர்ந்து அவசர நிலை அறிவிச்சு வாப்ஸ் ஆட்களை பிடிச்சு தேர்தலையே நிறுத்திட்டாங்க. நாடாளுமன்றம் வாய் மூடுச்சு, 1935ல கட்சிகளும் போச்சு. எஸ்டோனியர்கள் அந்த வருஷங்களை மௌன காலம்னு சொல்றாங்க. 1935லதான் போஸ்டிமேஸையும் தொனிசன்கிட்டருந்து எடுத்தாங்க. உங்க இடது பத்தி அங்க நிக்குது, 1896ல ஆரம்பிச்ச கோடு.

பழைய பத்திரிகையில தேடுறது

எஸ்டோனிய தேசிய நூலகம் டிகார்னு ஒரு தளம் வெச்சிருக்கு, பழைய பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, போஸ்டிமேஸும் இருக்கு. மொழி தெரியலன்னாலும் கூகுள் டிரான்ஸ்லேட்டை பக்கத்துல வெச்சுக்கிட்டு தேதி, பேர், தலைப்பு வரைக்கும் பார்த்துடலாம். ஆனா நேரா பேரை போட்டு தேடினா பாதி வராது, அதுக்கு காரணம் மூணு.

பழைய இதழ்கள் கோதிக் எழுத்துல அச்சடிச்சது. அந்த எழுத்துல வி வர வேண்டிய இடத்துல டபிள்யூ போடுவாங்க, அதனால ரீகிவனெம்ங்கிற சொல்லை வி போட்டு ஒரு தடவை, டபிள்யூ போட்டு ஒரு தடவை தேடுங்க. அடுத்தது, நீட்டி எழுதுற எஸ் பார்க்க எஃப் மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டர் படிக்கிறப்ப தொனிசன் பேர்ல இருக்கிற ரெட்டை எஸ் எஃப் ஆயிடும், அப்படியும் ஒரு தடவை போட்டு பாருங்க. மூணாவது நமக்கு பழக்கமான விஷயம்தான்: எஸ்டோனிய மொழியில 14 வேற்றுமை. முருகன், முருகனை, முருகனுக்குன்னு நம்ம சொல்ற மாதிரி அங்கயும் பேரோட வாலு மாறும், தொனிசனோடங்கிறதுக்கு தொனிசனி, தொனிசனுக்குங்கிறதுக்கு தொனிசனிலே. அதனால பேரோட முன்பாதியை மட்டும் போட்டு கடைசில நட்சத்திரக் குறி வெச்சு தேடுங்க.

இன்னொரு எச்சரிக்கை. 1933 ஆகஸ்ட் 11க்கு அப்புறம் அந்த ரெண்டு மாசமும், 1934 மார்ச் 12க்கு அப்புறம் முழுசாவும் பத்திரிகையில இல்லாததை வெச்சு ஒண்ணும் நடக்கலன்னு முடிவு பண்ணாதீங்க, அப்ப தணிக்கை இருந்துச்சு. அந்த காலத்துக்கு பின்லாந்து பத்திரிகையை பாருங்க. 1936ல முன்னாள் நாட்டு மூப்பர்கள் நாலு பேர், தொனிசன், யூஹான் குக், அன்ட்ஸ் பீப், யான் தேமான்ட், ஜனநாயகத்தை திரும்ப கொண்டுவாங்கன்னு பேட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. சொந்த நாட்டுல அச்சடிக்க முடியல, ஹெல்சிங்கின் சனோமத்ல வந்துச்சு. ஒரு காலத்துல சொந்தமா தினசரி வெச்சிருந்தவர் தன் பேச்சை கடல் தாண்டி அடுத்த நாட்டு பத்திரிகையில போட வேண்டியதாச்சு. 1906ல விபோர்க்ல போட்ட கையெழுத்தும் பின்லாந்து மண்ணுலதான், ரெண்டையும் உங்க தாள்ல ஒரு அம்புக்குறி போட்டு இணைச்சுக்கோங்க.

கடைசி வரிசைகளை எப்படி நிரப்புறது

பத்திரிகை போனதும் அவர் ஓய்ஞ்சு உட்காரல. தார்து பல்கலைக்கழகத்துல கூட்டுறவு பாடம் நடத்தினார் (1902 கடன் சங்கத்தை எழுதி வெக்க சொன்னேன்ல). 1938 பிப்ரவரியில புது நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கட்சி ஆளா தார்துலருந்து ஜெயிச்சு போனார், வயசு 69. 1940 ஜூன்ல சோவியத் படை உள்ள வந்துச்சு, ஜூலை 14, 15ல ஒரே பட்டியலுக்கு மட்டும் ஓட்டு போடுற மாதிரி ஒரு தேர்தல் வெச்சாங்க. அந்த நிலைமையிலயும் எதிர் வேட்பாளர்களை நிறுத்தணும்னு ஓடினவர்கள்ல தொனிசன் முக்கியமானவர். அந்த வேட்பாளர்களை கிட்டத்தட்ட மொத்தமா நீக்கிட்டாங்க. எழுதுறப்ப இந்த இடத்துல பெரிய வார்த்தை எதுவும் போடாதீங்க, 71 வயசு, படை உள்ள இருக்கு, அவர் வேட்பாளர் தேடிக்கிட்டிருக்கார்னு எழுதினா போதும்.

1940 டிசம்பர் 12ல கைது பண்ணினாங்க. இறந்த தேதிங்கிற கட்டத்துல ஒரு நாளை போட்டு நிரப்பணும்னு கை துறுதுறுக்கும், போடாதீங்க. 1941 ஜூலை ஆரம்பத்துல தாலின்ல சுட்டுக் கொன்னிருப்பாங்கங்கிறதுதான் வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒத்துக்கிறது, புதைச்ச இடம் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அதனால அனேகமா 1941 ஜூலைன்னு எழுதுங்க, கல்லறைங்கிற இடத்துல தெரியவில்லைன்னு எழுதுங்க, காலியா விட்டுடாதீங்க, காலியா விட்டா நீங்க தேடலன்னு அர்த்தம் ஆயிடும்.

வலது பத்தி அங்க முடியுது. முடிஞ்சா மத்தவங்க பேரையும் ஒரு வரியில சேருங்க, அந்த கடிதத்துல கையெழுத்து போட்டவர்கள்ல குக், பீப் ரெண்டு பேரும் 1942ல சோவியத் சிறை முகாம்கள்ல இறந்தாங்க. பேட்ஸ் 1956ல ரஷ்யாவுல ஒரு மனநல மருத்துவமனையில இறந்தார், 1990லதான் அவர் உடலை தாலினுக்கு கொண்டுவந்தாங்க. நாட்டு மூப்பர்கள்ல ஸ்வீடனுக்கு தப்பிச்சு பிழைச்சவர் ஆகுஸ்ட் ரெய் ஒருத்தர்தான், 1928 டிசம்பர்ல தொனிசனுக்கு அடுத்து வந்தவர்.

இடது பத்திக்கு இன்னும் ரெண்டு வரி இடம் விடுங்க. சோவியத் காலத்துல தார்து தினசரிக்கு பேர் மாத்திட்டாங்க, எடசின்னு வெச்சாங்க, அர்த்தம் முன்னேறு. 1991ல போஸ்டிமேஸ்ங்கிற பேர் திரும்ப வந்துச்சு, இன்னைக்கும் அச்சாகுது.